நிலா மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தவர்

பிச்சையா தங்கபாண்டிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க வாங்கிய பணம். தங்கபாண்டி வட்டி கேட்கவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு மண்வேலைக்கு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

தங்கபாண்டி யார் என்று திருவனந்தபுரத்தில் குழி வெட்டுகிற எவனிடமும் கேட்டுப் பாருங்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு பஸ் ஏறி வந்தவர். கையில் ஒரு மண்வெட்டி, அதற்கும் பாதிப் பிடிதான். இன்று கரமனையில் மாடி வீடு, இரண்டு டிப்பர் லாரி, அவர் சொன்னால் இறங்க ஒரு படை ஆள். கிணறு, செப்டிக் டேங்க், கேபிள் பள்ளம், அஸ்திவாரம். அவர் தோண்டாத தெரு இருந்தால் காட்டட்டும் பார்க்கலாம். யார் காலையும் பிடித்து மேலே வந்தவர் இல்லை. இது பீற்றல் இல்லை, நடந்த கதை.

நகரத்தின் ஓரத்தில், கழக்கூட்டம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு கம்பெனி பெரிய தகரக் கொட்டகை போட்டிருந்தது. உள்ளே நீச்சல் குளம் போல ஒரு தொட்டி. அதில் கருங்கல்லை மாவாக அரைத்து, நிலாவின் மண் மாதிரியே செய்த சாம்பல் நிறப் பொடி. அந்தப் பொடியை ஓர் இயந்திரம் மூக்கால் கிண்டிக் கிண்டித் தோண்டும். ஆட்கள் அதற்குப் பன்னி என்று பேர் வைத்தார்கள். பகலில் பன்னி தோண்டிய பள்ளத்தைச் சாயங்காலம் தங்கபாண்டியின் ஆட்கள் மூடி மட்டப்படுத்த வேண்டும்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்று தங்கபாண்டி கம்பெனி எஞ்சினியரான ரேஷ்மாவிடம் கேட்டார். அவள் பேசுவது மலையாளம் கலந்த தமிழ்.

"நிலாவுல ஆளுகளக் கொண்டு போயி குடி வைக்கணும்னு நெறைய பேரு சொல்லுது, அண்ணாச்சி. அது இப்போ வேண்டா. அங்க மூச்சு விடக் காத்தில்லா. முதல்ல மிஷின் போகட்டே. ஐஸும் இரும்பும் அது தோண்டி எடுக்கட்டே. ஆளு பின்னே போனா போதும்."

"சரியான பேச்சு. மிஷின் செத்தா பழைய இரும்புக் கடையில போடலாம். ஆளு செத்தா அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அதுதானே!" என்று ரேஷ்மா சிரித்தாள்.

தங்கபாண்டியின் வேலைக்கு ஒரு முறை உண்டு. மண்ணை நிரப்பினால், அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். அப்போதுதான் மண் அடங்கும், மட்டம் நிற்கும். கொட்டகையிலும் அதே முறைதான். கம்பெனி ஆட்கள் கிளம்பியதும் ஹோஸைத் திறந்துவிடுவார். மேலே இருக்கிற ஈரம் காலைக்குள் காய்ந்துவிடும். அடியில் இருக்கிறது அடியிலேயே கிடக்கும். தண்ணீர் விடாதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மண்வேலை செய்கிறவனிடம் அப்படி எவன் சொல்வான்?

பன்னி தோண்டிய பள்ளத்தின் சுவர்கள் வெட்டுக்கல் அறுத்தது போல நின்றன. மேனேஜர் லிபினுக்குத் தலைகால் புரியவில்லை. "தங்கண்ணா, அடிபொளி! பெங்களூர்ல இருந்து பணம் போடுறவங்க வந்து பாத்துட்டுப் போகட்டே, உங்களுக்கு ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட்."

அவர்கள் வருவதற்கு முன்னால், பொடி எலும்பு போல உலர்ந்து இருக்கட்டும் என்று லிபின் கொட்டகையைப் பூட்டிச் சூடான காற்றை ஊத விட்டான். ராப்பகலாக ஊதியது. திறந்தபோது தங்கபாண்டி பொடியில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்ததும் கை போன துளை தெரியவில்லை. தானாகவே மூடிக்கொண்டது. இத்தனை நாள் சுவரை நிறுத்தி வைத்தது தான் விட்ட தண்ணீர்தான் என்று ஆயுசெல்லாம் மண்ணோடு கிடந்தவருக்கு அப்போது புரிந்தது. சொன்னால் தண்ணீர் கதையும் சேர்ந்து வெளியே வரும். கான்ட்ராக்ட் போகும். அதைவிட, பேர் போகும். கையில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

பெங்களூர்க்காரர்கள் வந்து, பன்னி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தின் ஒரு பக்கம் சத்தமில்லாமல் சரிந்து பன்னியை முதுகு வரை மூடியது. லிபின் சிரித்துக்கொண்டே அவர்களைச் சாயா குடிக்க அழைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஒருத்தன் இறங்கிக் கொக்கியை மாட்டினா போதும். கிரேன் தூக்கிடும்."

"லிபினே, ஆளு எறங்கண்டா. நம்ம இந்த மிஷின உண்டாக்குனதே ஆளு எறங்காம இருக்கத்தானே?" என்றாள் ரேஷ்மா.

லிபின் தங்கபாண்டியைப் பார்த்தான். தங்கபாண்டி, தன் ஆட்களோடு நின்ற பிச்சையாவைப் பார்த்தார்.

"நான் எறங்கணுமா அண்ணாச்சி?"

"ஓராள் ஆழந்தாம்ல. மாட்டிட்டு ஏறிரு. பதினெட்டுல அஞ்சு கழிச்சுக்கிடுதேன்."

"கழிச்சாத்தான் எறங்குவேன்னு சொன்னனா?" பிச்சையா வேட்டியை மடித்துக் கட்டினான். "நிலாவுக்கு மனுசன் வேண்டாமாம். பன்னியத் தூக்க மட்டும் வேணும் போல."

இறங்கினான். கொக்கியை மாட்டினான். எதிர்ச் சுவர் அப்போதுதான் ஓடத் தொடங்கியது. இடிந்து விழவில்லை, தண்ணீர் போல ஓடியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நெஞ்சு அழுந்தியதால் அவனால் கத்த முடியவில்லை. தங்கபாண்டி பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கிரேன நிப்பாட்டுல!" என்று அலறினார். லிபின் அதற்குள் பட்டனை அழுத்தியிருந்தான். பன்னி மேலே எழும்ப, அது கிடந்த பள்ளத்துக்கும் சேர்த்துப் பொடி இறங்கியது. பிச்சையாவின் வாயும் மூக்கும் மறைந்தன. கை மட்டும் தங்கபாண்டியின் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

வாளி வாளியாக அள்ளித்தான் அவனை எடுத்தார்கள். உயிர் இருந்தது. பன்னிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அள்ளிப் போட்ட குவியலில் அடியிலிருந்து வந்த ஈரக் கட்டி ஒன்றை ரேஷ்மா எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "இதுல தண்ணி ஊத்துனது ஆரு?"

"நான்தான்" என்றார் தங்கபாண்டி.

யாரும் அவரைத் திட்டவில்லை. மட்டப்படுத்தவும் இனி இயந்திரமே வரும், கொட்டகைக்குள் ஆளே வேண்டாம் என்று லிபின் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிச்சையாவுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சில் விசில் அடித்தது. மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை எடுத்துக்கொண்டு கரமனைக்கு வந்து தங்கபாண்டி வீட்டு வாசலில் நின்றான்.

"கைய நீட்டுங்க, அண்ணாச்சி."

"நான் கேட்டனால?"

"நீங்க கேக்க மாட்டிய. கூப்பிடுவிய."

 பதினெட்டில் அஞ்சு கழித்தது ஞாபகம் இருக்கிறதா என்று தங்கபாண்டி கேட்க நினைத்தார். கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினார். பிச்சையா அதில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தான். இரண்டு தாளுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். பதினெட்டாயிரத்தையும் எண்ணி முடிக்கும் வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.