'வாங்க' கிடையாது

கதவு கிரீச்சிட்டதும் டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார். எட்டு வார ஒத்திகையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கதவைத் திறந்துகொண்டு பேய் வரும். பேயைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரர், "வாங்க, வாங்க" என்பார். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

பழைய நாடகம். செத்துப்போன மாமனார் மகள் வீட்டுக்குத் திரும்பி வந்து, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார். மகள் கண்ணுக்கு மட்டும்தான் அவர் தெரிவார். மருமகனுக்குத் தெரியவே கூடாது, மொத்த வேடிக்கையும் அதில்தான். அந்த மருமகனாக நடிப்பவர் கண்ணாடிக்கடைக்காரர். இருபத்தாறு வருடமாகக் கடைக் கதவு திறந்தால் "வாங்க" சொல்லியே பழகிய வாய். மாமனாராக வரும் பல் டாக்டரோ அப்படியே நின்று, "நான் வரட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டு டீச்சரின் மீதி உயிரையும் வாங்குவார்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். நாடகத்தையும் அப்படித்தான் நடத்துகிறார். ஆறு மணி ஒத்திகைக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து, ஹால் தரையில் சாக்பீஸால் சுவர், ஜன்னல், சோபா எல்லாம் அளந்து வரைந்துவிடுவார். பக்கவாட்டுக் கதவு மட்டும் நிஜம். சாக்பீஸ் சுவரை யாராவது தாண்டி நடந்தால், "சுவருக்குள்ள புகுந்து வர நீங்க என்ன பேயா?" என்பார். பல் டாக்டர் மட்டும், "ஆமா டீச்சர்" என்பார்.

கையில் எப்போதும் சிவப்புப் பேனா. வசனத்தில் ஒரு 'உம்' கூட மாறக் கூடாது. "எழுதினவர்கிட்ட கேட்டுட்டு வாங்க, மாத்திக்கலாம்." எழுதியவர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது. சரி, ஒழுங்காகச் சொன்னால் பாராட்டுவாரா என்றால் அதுவும் கிடையாது. இந்த நாடகக் குழுவை நடத்தும் பதினோரு வருடத்தில் யாருடைய பிரதியிலும் அவர் ஒரு டிக் போட்டதில்லை.

இந்த முறை அவர் எரிந்து விழுந்ததில் நியாயம் இருந்தது. போன வருட நாடகத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் பாதிக்கு மேல் நடித்தவர்களின் சொந்தக்காரர்கள். ஹால் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் ஜனம் கொட்டாவி விட்டா, ஹாலை டேபிள் டென்னிஸ்காரங்களுக்குக் குடுத்துடுவேன்." ஹால் போனால் குழுவும் போச்சு. சாயங்காலம் ஆனால் போக ஓர் இடம் இல்லை என்பதை நினைக்கவே டீச்சருக்குப் பயமாக இருந்தது.

கடைசி ஒத்திகையில் கெஞ்சியே பார்த்தார்.

"சார், அவர் செத்துட்டாரு. உங்க கண்ணுக்குத் தெரியவே மாட்டாரு."

"புரியுது டீச்சர். ஆனா வீடு தேடி வர்றவரை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னா, தப்பா நினைச்சுக்க மாட்டாரா?"

"யாரு?"

"மாமனார்தான்."

டீச்சர் அவர் பிரதியைப் பிடுங்கி, பேய் வரும் ஒன்பது இடத்திலும் "'வாங்க' கிடையாது" என்று சிவப்பில் எழுதினார்.

நாடகத்தன்று அந்தப் பிரதியை டீச்சரிடமே கொடுத்துவிட்டு மேடைக்குப் போனார் கண்ணாடிக்கடைக்காரர். முதல் இருபது நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவு கிரீச்சிட்டது. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு பல் டாக்டர் வந்து நின்றார். கண்ணாடிக்கடைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். 'வாங்க' வரவில்லை. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்த ரூம்ல நம்ம ரெண்டு பேரை விட்டா வேற யாரு இருக்கா?" என்று நாடக மனைவியிடம் கண்ணாடிக்கடைக்காரர் எழுத்துப் பிசகாமல் வசனத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டே, தன்னை அறியாமல், ஒரு நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் தூசி தட்டி, பேய்க்குப் போட்டார். பல் டாக்டரும் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கூரை இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். திறந்து பார்த்தால், செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஹாலே சிரித்துக்கொண்டிருந்தது.

மறுபடி பேய் வரும் இடம் நெருங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் மேடையிலிருந்து திரைப்பக்கம் பயந்து பயந்து பார்த்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, விரலால் நாற்காலியைக் காட்டினார். பிறகு கையிலிருந்த அவருடைய பிரதியைப் புரட்டி, "'வாங்க' கிடையாது" என்பதற்குக் கீழே "நாற்காலி உண்டு" என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார்.