லமோம் அக்கா ருசி பார்த்த தண்ணீர்

கோடையில் தாச்சின் ஆறு வற்றினால் கடலின் உப்பு எங்கள் கால்வாய்வரை ஏறிவிடும். விடிந்ததும் லமோம் அக்கா படியில் குனிந்து, ஒரு கை நீரள்ளி வாயில் வைத்துத் துப்புவாள். நல்ல தண்ணீர் என்றால் மோட்டார் போடுவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கரையிலுள்ள மற்ற ஆர்க்கிட் தோட்டக்காரர்களும் போடுவார்கள். இருபது வருடமாக இப்படித்தான்.

எங்கள் செடிகளுக்கு மண் கிடையாது. மரக்கூடைகளில் தொங்கும், வேர்கள் காற்றில் ஆடும். உப்பு பட்டால் வேர் நுனி கருகும், பிறகு இலை உதிரும். அக்காவிடம் இருநூறு தாய்ச்செடிகள் இருந்தன. கணவன் போன பிறகு அவற்றின் கன்றுகளை விற்றுத்தான் மகளைப் படிக்கவைத்தாள்.

நான் அவளிடம் ஒன்பது வருடமாகப் பூ வெட்டுகிறேன். மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகு கஞ்சியில் மீன் சாஸை மூன்று முறை ஊற்றினாள்.

“இவ்வளவா அக்கா?”

“கடைக்காரன் தண்ணி கலந்து விக்கிறான்டி.”

நான் பூ வெட்டப் போய்விட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து விச்சியன் உப்பு பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்தான். “ஒரு தடவ இதுல பாத்துடலாமா அக்கா?”

“உன் பொண்டாட்டி வைக்கிற குழம்புல விட்டுப் பாரு. தண்ணிய நான் பாத்துக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பௌர்ணமி. தண்ணீர் இரண்டு படி ஏறி நின்றது. ஆகாயத்தாமரை இலைகள் ஓரம் காய்ந்து பழுப்பாகியிருந்தன. அக்கா நீரை அள்ளி வாயில் வைத்தாள், துப்பினாள், மறுபடி அள்ளினாள்.

“எப்படி அக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மோட்டார் ஓடியது. தெறித்த துளி என் உதட்டில் விழுந்தது. நானே போய் நிறுத்தினேன்.

“அக்கா, கரிக்குது.”

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். “காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியலடி.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிட்டா இந்தக் கரையில நான் யாரு?”

விச்சியனின் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்து இன்னொன்று.

“நம்ம செடிய குளத்துல இருக்கிற மழைத்தண்ணில கழுவிடலாம் அக்கா.”

“அது கெடக்கட்டும். நான் விச்சியன்கிட்ட போறேன், நீ கரையோரமா மேல ஓடு.”

“என்னன்னு சொல்ல?”

“லமோமுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லு.”

ஓடினேன். மூன்றாவது தோட்டத்தில் செடிகள் ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அதற்கு மேலே, கால்வாய் வளைவு வரைக்கும், மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.