சிவந்த கழுத்து

யுத்தம் தொடங்கி மூன்றாம் வருஷம், தை மாதம், என் வேலை போக இருந்தது. காரணம், எனக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, அது போல.

சின்ன வயதிலிருந்தே இந்தக் குறை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர், கணக்கு யாருக்கு வராது என்று கேட்டபோது எழுந்து நின்றவன் நான் ஒருவன்தான். வாத்தியாருக்கும் அவ்வளவாக வராது என்று சேர்த்துச் சொன்னேன். எனக்கு விழுந்த அடியைப் பார்த்தே மற்றப் பிள்ளைகள் உலகத்தைக் கற்றுக்கொண்டார்கள். வாங்கிய நான் கற்கவில்லை. பிற்பாடு புத்தகங்கள் நிறையப் படித்தேன். அவையும் உதவவில்லை.

மதுரையில் ஒரு சுங்கடிப் புடவைக் கடையில் எனக்கு வேலை. கப்பலில் சீமைச் சாயம் வருவது நின்றுபோன காலம். கிடைத்த சாயத்தில் தோய்த்த புடவைகள் முதல் தண்ணீரிலேயே அழுதன. ஆனாலும் தெருவில் அத்தனை கடையிலும் கெட்டிச் சாயம் என்றே கூவினார்கள். அதற்கு ஒரு கைவேலை உண்டு. புடவையின் ஒரு முனையை மட்டும் பலமுறை அலசிக் காயவைத்து மடித்திருப்போம். யாராவது சந்தேகப்பட்டால் அந்த முனையை ஈரம் தொட்டு வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டுவோம். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பக்கத்தில் உட்காரும் மாயாண்டி இதைப் பூ தொடுப்பது போலச் செய்வான். நான் செய்தால் கை நடுங்கும். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

தை முகூர்த்தம் முடிவதற்குள் வியாபாரம் ஏறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும்.

தைக் கார்த்திகையன்று திருப்பரங்குன்றம் போனேன். சரவணப் பொய்கையில் முங்கி, ஈர வேட்டியோடு சந்நிதியில் நின்றேன். என்ன வேண்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முருகனுக்குச் சாட்சி சொல்ல வந்தவன் மறைக்கக் கூடாது. முருகா, மாயாண்டிக்குக் கொடுத்த நாக்கை எனக்கும் கொடு, கூசாமல் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். என் ஆயுளில் அவ்வளவு பக்தியோடு எதையும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். முதலாளி பொங்கலுக்குக் கொடுத்த சிவப்புச் சுங்கடித் துண்டைக் கழுத்தில் சுற்றியபடியே முங்கியிருக்கிறேன். கழுத்து முதல் மார்பு வரை ஒரே சிவப்பு. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள்.

"துணிய விட்டுத்தான் போகுது. ஒங்க மேல கெட்டியாத்தான் நிக்கிது" என்றாள்.

மறுநாள் காலை கப்பலூரிலிருந்து ஓர் அம்மாள் தன் புருஷனோடு வந்தாள். மகளுக்குக் கல்யாணம். அரக்குப் புடவை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டாள். அலசிய முனையை எடுத்தேன். அதிசயம், கை நடுங்கவில்லை. முருகன் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கழுத்துல என்னண்ணே, இம்புட்டுச் செவப்பு?"

"அண்ணனுக்கு வேர்க்குரு, தாயி" என்றான் மாயாண்டி. தை மாதப் பனியில் வேர்க்குரு! நான் தலையை ஆட்டினால் போதும்.

அவள் நம்பிவிட்டாள். "சந்தனம் அரைச்சுப் பூசுங்கண்ணே. என் மகளுக்கும் இப்படித்தான் வந்துச்சு, எரியும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நேற்று வாங்கிய நாக்கு கழன்று விழுந்தது.

"வேர்க்குரு இல்ல தாயி, சாயம். நேத்துக் கொளத்துல முங்கினேன். இந்தப் பொடவையும் இப்படித்தான் போகும். நான் தேச்சது அலசின மொனை."

மாயாண்டி கூரையைப் பார்த்தான். முதலாளி எழுந்துவிட்டார். என் வேலை முடிந்தது என்று நான் மேல்துண்டை எடுத்து உதறிக்கொண்டேன்.

அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "காலையிலேருந்து நாலு கடை ஏறி எறங்கிட்டோம். ஒருத்தரும் போகும்னு சொல்லல. போகாதது எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்கண்ணே."

மேல் தட்டில் யுத்தத்துக்கு முந்திய நீலப் புடவைகள் தூசியோடு கிடந்தன. இறக்கி, நாலு முனையிலும் தேய்த்துக் காட்டினேன். மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்குமாகச் சேர்த்து வாங்கிப் போனாள்.

முதலாளி திருந்திவிட்டார் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். மறுநாள் எனக்குத் தனிப்பாய் போட்டு, "நீ இந்தப் பக்கம் ஒக்காந்து நெசத்தையே சொல்லித் தொலைய்யா" என்றார். அதன் பிறகு கப்பலூர்க்காரர்கள் செவப்புக் கழுத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நீலப் புடவைகள் தீர்ந்த பின்பு, இது சாயம் போகும், தனியாக அலசுங்கள் என்று சொல்லியே விற்றேன். வாங்கினார்கள். இன்றுவரை அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்டதை முருகன் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்ததை எடுத்துக்கொள்ளவும் இல்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவனிடம் கேளுங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். திருத்திக்கொள்வது அவன் பாடு.

கழுத்துச் சாயம் பதினைந்து நாளில் போய்விட்டது. போனபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. கார்த்திகை தவறாமல் இன்றும் பொய்கைக்குப் போகிறேன். துண்டைக் கரையில் வைத்துவிட்டுத்தான் முங்குகிறேன்.