மெலாத்தியின் கூட்டு வாசலில் ஜரீனா

ஜரீனாவுக்கு வாய் ஓயாது. பறவைப் பூங்காவில் பதினெட்டு வருடமாகத் தீனி வைக்கிறாள். அங்கே கிளிகள் பேசக் கற்றுக்கொண்டதே இவளை நிறுத்தச் சொல்லத்தான் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் அசரமாட்டாள். முக்காட்டுக்கு மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு, ரப்பர் பூட்ஸைத் தேய்த்தபடி, பப்பாளி வெட்டும்போதும் பேச்சு, கூண்டு கழுவும்போதும் பேச்சு.

அவள் பொறுப்பில் இருந்தவற்றில் அவளுக்கு உயிர், ஒரு இருவாச்சி ஜோடி. ஆண் சுல்தான், பெண் மெலாத்தி. தலையில் செம்மஞ்சள் கொம்பு வைத்த போர்னியோக் காட்டுப் பறவைகள். இந்த இனத்தின் குடித்தனமே தனி தினுசு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். குஞ்சு ஓரளவு வளரும்வரை அது வெளியே வராது. அதுவரை சோறு போடும் பொறுப்பு முழுக்க ஆண் தலையில்.

பொந்துக்குப் பதிலாகப் பூங்காவில் வைத்த மரப்பெட்டியில் மெலாத்தி அடைந்து குஞ்சும் பொரித்தாள். நான்கு வருட முயற்சிக்குப் பிறகு வந்த ஒரே குஞ்சு. அதற்குப் பதினாறு நாள் ஆகியிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுல்தான் கிளைக்கடியில் விழுந்து கிடந்தான். வயதான இதயம், நின்றுவிட்டது.

அன்றே பிரிவுத் தலைவர் சரத் ஜரீனாவைக் கூப்பிட்டார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"அக்கா, நாமளே பிளவுல சாப்பாடு வெச்சுப் பாப்போம். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். எடுக்கலைன்னா அது பூசின சுவரை உடைச்சு குஞ்சை வெளிய எடுத்துடணும் லா. வேற வழி இல்ல."

உடைத்தால் என்ன ஆகும் என்று ஜரீனாவுக்குத் தெரியும். தாய் மிரண்டு குஞ்சைக் கைவிடும். மனிதக் கையில் வளரும் குஞ்சு மனிதர்களையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும், நாளைக்கு ஜோடி சேராது. உயிர் பிழைக்கும், வம்சம் பிழைக்காது.

விதிமுறைப்படி தீனியைப் பிளவின் விளிம்பில் வைத்துவிட்டு உடனே விலகிவிட வேண்டும். பறவையைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஜரீனா அப்படியே செய்தாள். வைத்தாள், இறங்கினாள், தள்ளிப் போனாள். இரண்டு நாளும் பழம் வைத்தது வைத்தபடி காய்ந்தது. பெட்டிக்குள் இருந்த கேமராவில் குஞ்சு கழுத்தை நீட்டி நீட்டிக் கத்துவது தெரிந்தது. தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

புதன் சாயங்காலம் ஜரீனா பொங்கோலில் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டுக் கமலா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வி ஜரீனாவை உலுக்கிவிட்டது. கோவிட் வந்த வருடம், ஊரே கதவடைத்திருந்த நேரத்தில், அவள் கணவர் நூர்தீன் மாரடைப்பில் போனார். நான்கு மாதம் பத்து நாள் இத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். அவள் வெளியே போகக் கூடாது, கோவிட் சட்டப்படி யாரும் உள்ளே வரவும் கூடாது. சொந்தக்காரர்கள் பாவம், குறை வைக்கவில்லை. கேட்டில் டப்பாவை மாட்டிவிட்டு, போனில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஜரீனா ஒன்றையும் தொடவில்லை. கமலா மட்டும் போகவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் மாஸ்க்கோடு நின்றுகொண்டு, லிஃப்ட் கெட்ட கதை, புருஷன் குறட்டைக் கதை எல்லாம் சொல்லி, "ஒரு வாய் சாப்பிடு, நான் போயிடுறேன். எனக்கு வேலை கெடக்கு" என்பாள். சாப்பிடும்வரை நகர மாட்டாள். அவளை அனுப்புவதற்காகவே ஜரீனா சாப்பிட ஆரம்பித்தாள்.

சுல்தானும் அப்படித்தானே? தீனியைப் போட்டுவிட்டுப் போனவனா அவன்? பெட்டியை அலகால் தட்டி, தொண்டையிலிருந்து ஒரு பழம் எடுத்துக் கொடுத்து, மெலாத்தி வாங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தானே அடுத்தது. இதை இத்தனை நாளாகத் தினமும் பார்த்தவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

வியாழன் காலை சரத்திடம் போனாள். "உடைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் காலைய எனக்குக் குடு தம்பி. நான் அங்கேயே நிக்கணும்."

சரத் யோசித்தார். "சரி அக்கா. ஆனா பன்னண்டு மணிக்கு மேல முடியாது."

ஜரீனா ஏணியில் ஏறி, இடுக்கியால் பெட்டியை இரண்டு முறை தட்டினாள். ஒரே ஒரு அத்திப்பழத்தைப் பிளவுக்கு நேரே நீட்டினாள். ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று. கை மரத்தது, இடுக்கியை மறுகைக்கு மாற்றினாள். மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். சுல்தான் நல்லவன் என்றாள். போனவர்கள் வரமாட்டார்கள் என்றாள். உள்ளேயிருந்து பதிலாக எச்சம் பீறிட்டு அவள் தோளில் விழுந்தது.

"திட்டு, நல்லா திட்டு. ஆனா சாப்பிடு" என்றாள்.

பதினொன்றேகாலுக்கு அலகு நுனி வெளியே வந்தது. பழத்தைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடி வந்து எடுத்துக்கொண்டது.

கீழே நின்று போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த சரத், "அக்கா, குஞ்சுக்குக் குடுக்குது!" என்றார்.

இரண்டாவதும் குஞ்சுக்கு. மூன்றாவதும் நான்காவதும் குஞ்சுக்குத்தான்.  ஜரீனாவும் ஒரு மகளை வளர்த்தவள்.

"நீயும் சாப்பிடுடீ" என்று ஐந்தாவதை நீட்டினாள்.

மெலாத்தி அதை வாங்கி அலகிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். சரத் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜரீனா ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முழுங்கிருச்சு அக்கா."

ஜரீனா அழுதாள். துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, ஆறாவது பழத்துக்கு அலகு ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.