பன்னிரண்டு அடிச் சுவர்

அளந்து எழுதாத இடம் இருக்கிறதா, இல்லையா? அத்தானை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறேன். அவருக்கு இத்தகைய கேள்விகளில் ஈடுபாடு கிடையாது. கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது அவர் தொழில். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் தொழில். வேறு எதுவும் எனக்கு அமையவில்லை.

ஒற்றை அறை வாடகை வீட்டில் அத்தான், அக்கா, நான். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தேன். பதினோரு வருடம் ஆகிறது. அத்தான் சமையல் மேடைக்கு அடியில் கால் நீட்டித்தான் படுப்பார்.

பழைய தந்தி ஆபீஸைக் குடியிருப்பாக மாற்றும் வேலை வந்தது. வெளிச்சுவரில் கை வைக்கக்கூடாது, மாடி ஏற்றக்கூடாது என்று நிபந்தனை. உள்ளே இருபத்து மூன்று வீடுகள்தான் தேறின.

"இன்னொரு வீட்டுக்கு இடம் கண்டுபிடிச்சுக் குடுங்க. அதுல நீங்களே இருங்க, வாடகையே வேண்டாம்," என்றார் கட்டடத்து முதலாளி.

அக்கா மறுநாளே திரைச்சீலைத் துணி வாங்கிவிட்டாள்.

"ஜன்னல் எத்தனைன்னே தெரியாதே அக்கா."

"எத்தனை இருந்தா உனக்கென்ன? அங்க மூணாவது ஆளுக்கு இடமில்ல. உன் பொழப்பப் பாத்துக்கடா."

மூன்றாம் நாள் கணக்கு உதைத்தது. முதல் மாடி வெளியே எண்பத்து நான்கு அடி. உள்ளே அறை, சுவர் எல்லாவற்றையும் கூட்டினால் எழுபத்திரண்டு. மூன்று முறை அளந்தோம். டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று மூன்று முறையும் திட்டு வாங்கினேன். பிறகுதான் புரிந்தது: வாசலே இல்லாத ஓர் அறை நடுவில் இருந்தது.

உயரத்தில் ஒரு காற்றுத் துளை. அத்தான் ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தார். அண்ணாந்து நின்ற என் கழுத்து வலித்தது.

"என்ன அத்தான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நானும் பாக்கட்டுமா?"

"வாடகை ஏணிடா. உன்னத் தாங்காது."

இறங்கினார். பென்சிலைச் சீவினார். வரைபடத்தில் அந்த இடம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, 'சுவர், 12 அடி' என்று எழுதினார்.

"அந்தக் காலத்து ஆளுங்க கட்டினா கட்டினதுதான்!" என்றார் முதலாளி. இப்போது இரு பக்கத்திலும் குடியிருப்பவர்கள், அடுத்த வீட்டுச் சத்தமே கேட்பதில்லை என்று பெருமைப்படுகிறார்கள்.

எனக்காகச் செய்தார் என்று நினைக்க ஆசைதான். அப்படிச் செய்யும்படி பதினோரு வருடத்தில் நான் எதுவும் செய்ததில்லை.

அன்று மாலை அக்கா, துணியை மடியில் வைத்துக்கொண்டு, "இடம் கிடைச்சுதா?" என்றாள்.

"முழுக்க அளந்தாச்சு. இல்ல," என்று சொல்லிவிட்டு, அத்தான் மேடைக்கு அடியில் காலை நீட்டினார்.