மூன்று நட்சத்திரம் வாங்கிய ஓட்டுநர்

என்னிடம் இப்போது ஏழு வேன்கள் இருக்கின்றன. பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் ரவாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். சிறுதொழில் கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். தொழில்நுட்பம் என் தொழிலை எப்படி மாற்றியது என்று கேட்பார்கள். நேரம் மிச்சமானது, புகார் குறைந்தது என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவேன். அங்கே நான் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு.

ஒரே ஒரு வேனோடு ஆரம்பித்தபோது அதை ஓட்டியவர், நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் லோரி ஓட்டியவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். வேன் என்னுடையதாக இருந்தாலும் அவருக்கு நான் தங்கச்சிதான். செம்பனைக் காட்டுச் சாலையில் மழை பெய்தால் எங்கெங்கே தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு நாள்கூட வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தாமதமாக ஓடி வருகிறவர்களைத் திட்டுவார். ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

"இன்னிக்கும் தூங்கிட்டியா? பெக்டரி உனக்காகத் தொறந்து வச்சிருக்குமா?" என்பார். திட்டு வாங்கிய பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். சிரித்துக்கொண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஒப்பந்தம் கிடைத்தது. வேன் எங்கே வருகிறது என்பது கைப்பேசியில் தெரிய வேண்டும், பயணிகள் ஓட்டுநருக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி நிபந்தனை வைத்தார். ஆள் பிடித்துச் செயலி ஒன்றைச் செய்து வாங்கினேன். வேனைவிட்டு இறங்கியதும் திரையில் ஐந்து நட்சத்திரம் வரும். எத்தனை வேண்டுமோ அத்தனையைத் தொட்டுவிட்டுப் போகலாம். யார் எத்தனை போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, பயப்படாமல் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அது பொய். செயலி செய்து கொடுத்த பையன், "ஓனர் பேஜ்ல பேரு காட்டவா, மறைச்சிடவா?" என்று கேட்டபோது, காட்டட்டும் என்று சொன்னவள் நான்.

இரண்டு மாதத்தில் அண்ணனுக்கு மூன்று நட்சத்திரம்தான் தேறியது. ஒப்பந்தத்துக்காக வாங்கிய இரண்டாவது வேனை ஓட்டியவருக்கு நாலரை. அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர், ஒரு நிமிடம் தாமதமானாலும் ஆளை விட்டுவிட்டுப் போகிறவர். ஆனால் யாரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

பெயர்களைத் திறந்து பார்த்தேன். வேனிலேயே மயங்கி விழுந்து, அண்ணன் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மதியம்வரை கூடவே உட்கார்ந்திருந்த பெண் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள். அவருடைய சொந்த அக்கா மகள் ஒன்று போட்டிருந்தாள். தினமும் தலை சீவிக்கொண்டே ஓடி வருகிறவள் அவள்தான். அவளுக்காகக் காத்திருந்துதான் வேனே தாமதமாகும். கருத்து எழுதும் இடத்தில், 'வேன் எப்பவும் லேட்' என்று எழுதியிருந்தாள்.

நாலுக்குக் கீழே இருப்பவரை மாற்றிவிடுங்கள் என்றார் அதிகாரி. இத்தனை வருடமாக ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியவர் என்று நான் சொல்லியிருக்கலாம். சரி என்றேன்.

அண்ணனை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன்.

"பெக்டரில ஆள மாத்தச் சொல்றாங்கண்ணே."

"நான் என்னம்மா பண்ணேன்?"

"ரேட்டிங் கம்மியா இருக்கு லா. என் கையில ஒன்னும் இல்ல."

கையிலிருந்த வேன் சாவியைப் பார்த்தார். "யாரு போட்டாங்க? ஒரு பேரு மட்டும் சொல்லு தங்கச்சி. நான் சண்டைக்குப் போவல. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன்."

"சிஸ்டத்துல பேரு வராதுண்ணே."

"ஒருத்தராச்சும் என்கிட்ட சொல்லியிருக்கலாம். திட்டாதன்னா திட்டாம இருந்திருப்பேன்."

வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவரை வழியனுப்பப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேக் வாங்கிவந்தார்கள். பூப்போட்ட பாத்தேக் சட்டை ஒன்றைப் பரிசளித்தார்கள். அக்கா மகள்தான் முதல் துண்டை அவர் வாயில் ஊட்டினாள். மயங்கி விழுந்த பெண், "உங்கள மாதிரி ஒரு டிரைவர் கிடைக்கமாட்டாங்க மாமா" என்று அழுதாள். அந்த அழுகை நடிப்பு இல்லை. அதுதான் என்னை இன்றுவரை குழப்புகிறது. ஒற்றை நட்சத்திரத்தைத் தொட்ட விரலும் கேக் ஊட்டிய விரலும் ஒரே விரல். இரண்டு நேரத்திலும் அவள் மனதில் பட்டதைத்தான் செய்திருப்பாள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றால் ஒருவரைக் குத்த மனிதர்களுக்கு எவ்வளவு சுலபமாகக் கை வருகிறது. அவர்களைச் சொல்லி என்ன? நானும் அதிகாரிக்குப் பின்னால், எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதானே அவரை அனுப்பினேன். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கைதட்டினேன்.

புதிய ஓட்டுநர் யாருக்காகவும் நிற்பதில்லை. முதல் வாரத்திலேயே அக்கா மகள் மூன்று நாள் வேனைத் தவறவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமாவத் திரும்பப் போட முடியாதா? இவரு நிக்கவே மாட்றாரு லா."

"முடியாதும்மா" என்றேன்.

போன மாதம் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு தாமானுக்குப் போனேன். நுழைவாயிலில் காவலுக்கு, ஜாகா உடுப்பில் அண்ணன் நின்றிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். அடையாள அட்டையை வாங்கி, புத்தகத்தில் என் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"இருக்கேம்மா. வர்றவங்களுக்குக் கேட்டத் தூக்கி விடுறேன். யார்கிட்டயும் ஒன்னும் பேசுறதில்ல."

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகவும், தாலிக்கொடி தன் செலவு என்று சொல்லிவிட்டதாகவும் அவரே சொன்னார். சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் ஒரு மருமகளை இழப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெயர் தெரியாது என்று அன்று அவரிடம் சொன்னவள் நான் என்பதால்தான் வாயைத் திறக்கவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.