ஒரு தட்டு தட்டினால் நில்

ராசிபுரத்து விஜயபாஸ்கருக்கு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நம்பிக்கை கிடையாது. கண்ணாடி ஏமாற்றும், தட்டு ஏமாற்றாது என்பது அவர் கட்சி. பின்னால் நிற்பவன் வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. ஊர் கிளீனர்களின் இந்தப் பாடத்தை ஷார்ஜாவுக்கும் சுமந்து வந்து, முவைலா தொழிலாளர் கேம்ப்பில் பட்டாணியனுக்கும் வங்காளிக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒற்றைத் தட்டு கேட்டால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். ரூமில் யாராவது கட்டிலைத் தட்டினால் தூக்கத்திலும் காலை அமுக்குவார் என்று முனியசாமி கேலி செய்வான். முதுகுளத்தூர்க்காரனான அவன்தான் அவருக்குப் பக்கத்துக் கட்டில்.

அந்த வருஷம் அவருடைய மனைவி சரோஜாவுக்கு மார்பில் கட்டி. சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், அவள் போகவில்லை. மறுபடி குறித்தார்கள், அப்போதும் போகவில்லை. "நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் மேசையில படுப்பேன்" என்று போனில் ஒரே பிடிவாதம். இனித் தள்ளினால் தன் கையில் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். விஜயபாஸ்கரின் பாஸ்போர்ட்டோ கம்பெனி பீரோவில் தூங்கியது. லீவு கேட்டுக் கேட்டு அவருக்கு நாக்கே தேய்ந்துவிட்டது.

அப்போதுதான் கம்பெனிக்கு அந்த அரசாங்க டெண்டர் கிடைத்தது. ஒரே ஒரு லோடு. விமானத்தில் வந்து இறங்கும் காண்டாமிருகத்தைப் பாலைவனத்தில் திறக்கப்போகும் மிருகப் பூங்காவில் சேர்க்க வேண்டும். அதுவரை மணலும் கல்லும் ஏற்றிய கம்பெனி அது. எல்லோரையும்விடக் குறைத்துக் கேட்டது, கொடுத்துவிட்டார்கள். நிபந்தனைகளுக்கு மட்டும் குறைச்சலில்லை. மிருகம் மிரளும், அதனால் வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. படம் எடுத்துவிடுவார்கள், அதனால் யாரிடமும் போன் இருக்கக் கூடாது. மிருகங்களோடு பழகிய ஆள் ஒருவர் மிருகத்தை அடைத்த பெட்டிக்குப் பக்கத்திலேயே பயணம் செய்ய வேண்டும்.

பழகிய ஆளுக்குக் கம்பெனி எங்கே போகும்? சிறுவயதில் வெள்ளாடு மேய்த்த முனியசாமியைப் பிடித்துப் புதுச் சட்டை மாட்டிவிட்டது.

"யாத்தே! ஆடு மேச்சவன் காண்டாமிருகத்துக்குக் காவலாண்ணே?" என்று அவன் சிரித்தான்.

சூப்பர்வைசர் ஹபீப் முகம்மது கீழக்கரைக்காரர். விஜயபாஸ்கரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "பாஸ்கரு, எங்கயும் நிக்காம இந்த ஒரு ட்ரிப்ப முடிச்சுக் குடு. இன்னைக்குச் சாயந்தரமே பாஸ்போர்ட் உன் கையில. நின்னேன்னா, லீவு மாஃபி, கெடையவே கெடையாது."

"நிக்க மாட்டனுங்க பாய்."

விமான நிலையத்தில் பெட்டியை ஏற்றினார்கள். பெட்டி இரும்பு, அதைக் கட்டியதோ கல் கட்டுகிற நைலான் பெல்ட். விஜயபாஸ்கர் இழுத்துப் பார்த்தார். "பாய், பத்தாதுங்க. முன்பக்கம் சங்கிலி போடோணும்." அதற்குள் அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "கலாஸ், யல்லா! போதும், கெளம்பு!" என்று கதவைச் சாத்திவிட்டார் ஹபீப். முனியசாமி உள்ளே, டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஏசி மிருகத்துக்காகப் போட்டது; அவனுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

முன்னால் போலீஸ் கார், பின்னால் அதிகாரிகளின் கார்கள். ஹபீப் விஜயபாஸ்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நகரத்தைத் தாண்டும் இடத்தில் போலீஸ் கார் திடீரென்று வேகம் குறைக்க, விஜயபாஸ்கர் பிரேக்கை அமுக்கினார். பின்னால் கனமாக ஏதோ நகர்ந்து இடித்தது. வண்டியே ஒருமுறை குலுங்கியது.

பிறகு தட்டு கேட்டது.

ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று. உள்ளங்கையால் அடிக்கிற தட்டு, அவருடைய முதுகுக்கு நேர் பின்னால். கால் தானாக பிரேக்குக்குப் போனது. அதைப் பிடித்திழுத்து மறுபடி ஆக்சிலேட்டரில் வைத்தார்.

"என்னப்பா சத்தம்?" என்றார் ஹபீப்.

ஒரு வார்த்தை போதும். பாய் ஒன்றும் ராட்சசர் இல்லை, ஆள் மாட்டிக்கொண்டான் என்று சொல்லியிருந்தால் அவரே நிறுத்தச் சொல்லியிருப்பார். ஆனால் விஜயபாஸ்கருக்குச் சேலத்து மேசை கண்ணில் நின்றது, அதில் படுக்க மறுத்து உட்கார்ந்திருக்கும் சரோஜா நின்றாள்.

"மிருகந்தானுங்க. முட்டுது."

"அல்லா! பொல்லாத பிராணியா இருக்கே" என்று ஹபீப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தட்டு தொடர்ந்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, சொல்லிக்கொடுத்தபடி. எந்தக் காண்டாமிருகம் அப்படித் தட்டும்? பாதி வழியில் சத்தம் தேய்ந்தது. பிறகு நின்றே போனது. அப்பாடா என்று இருந்தது விஜயபாஸ்கருக்கு. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

பூங்காவில் பின்கதவைத் திறந்தார்கள். மிருக வைத்தியர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். காதைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கீறல்கூட இல்லை என்று கட்டைவிரலை உயர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டியை கிரேன் வெளியே இழுத்த பிறகுதான் அதன் மறுபக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் நசுங்கி, சுவரில் சாய்ந்திருந்தான். வலது உள்ளங்கை தோலுரிந்து வீங்கிப்போயிருந்தது.

ஹபீப் சொன்ன சொல் தவறவில்லை. சாயந்தரமே பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

விமானம் ஏறுவதற்கு முன் விஜயபாஸ்கர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முனியசாமிக்கு இரண்டு காலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலருகே விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நின்றிருந்தார். முனியசாமிக்கு இந்தி வராது. போலீஸ்காரருக்குத் தமிழ் வராது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவர் விஜயபாஸ்கரையே கைகாட்டினார். டிரைவரே இவர்தான் என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

"தட்டினாயா, டிரைவருக்குக் கேட்டதா என்று கேளுங்கள்" என்றார் போலீஸ்காரர் இந்தியில், முனியசாமியின் வீங்கிய உள்ளங்கையைக் காட்டி.

விஜயபாஸ்கர் கேட்டார். 

முனியசாமி அவரைப் பார்த்துத் தலையசைத்தான். "கை ஓயுற வரைக்கும் தட்டுனேண்ணே. ஒங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டுருந்தா நீங்க நிப்பாட்டாம இருப்பீகளா? அதையே சொல்லுங்க. எங்கண்ணன் அப்பேர்ப்பட்ட ஆளில்லன்னு சொல்லுங்க."

சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருந்தது. போலீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விஜயபாஸ்கர் இந்தியில் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல், "எங்கண்ணன் அப்பேர்ப்பட்ட ஆளில்லை" என்பது வரைக்கும் சொன்னார்.